கேப்பர் ஹவுஸ் இருக்கா?

ஜனவரி 15, பென்னிகுயிக் பிறந்தநாள். பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கூடலூர் தாண்டி லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் நல்ல கூட்டம். சிலைக்கு மாலை போட டிராக்டரில் வந்தவர்கள், பானையோடு வந்த பெண்கள், செல்ஃபி எடுக்கும் பையன்கள். நான் ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் படித்த பொறியியல் கல்லூரியின் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது.

ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் வரைபடம். முன்னால் கார் பார்க்கிங். கீழே க்யூஆர் கோட். "பழைய டிராயிங் ஹால் பிளாக் மிகவும் பழுதடைந்து ஆபத்தான நிலையில் இருப்பதால் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் புதிய பிளாக் அமைய உள்ளது. பழைய மாணவர்கள் தாராளமாக உதவவும்."

கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் இதே படம் இதே வாசகத்தோடு வந்திருக்கும். எங்கள் டிராயிங் ஹால் கல்லூரி தொடங்குவதற்கு முன்பே அங்கே நின்ற ஒரு பழைய பங்களா. இரண்டடி கனச் சுவர், தேக்கு உத்திரம், சுண்ணாம்புத் தளம். ஏப்ரல் மாதத்தில்கூட ஃபேன் இல்லாமல் உட்காரலாம். வாசலில் ஒரு புளியமரம். சர்வே பிராக்டிகலுக்கு முதல் நாள் தியோடலைட்டை அதன் நிழலில்தான் நட்டுவைப்போம். புதிய படத்தில் கார் பார்க்கிங் வந்திருந்தது அந்த மரத்தின் மேல்.

குழுவில் கைதட்டல் எமோஜிகள் குவிந்தன. எனக்கு சீனியர், போடிக்காரர், இப்போது கட்டட கான்ட்ராக்டராக இருக்கும் அண்ணனுக்குத் தனியாக போன் போட்டேன்.

"அண்ணே, நெசமாவே ஆபத்தா?"

"சுண்ணாம்புக் கட்டடம்டா தம்பி. நூறு வருசம் ஆச்சு. அப்பறம் ஆபத்தில்லாம என்ன?"

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே பென்னிகுயிக். அண்ணன் சொன்ன வார்த்தைகளை அதற்கு முன்னால் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உறைக்க இரண்டு நிமிடம் ஆனது.

*

முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். முன்முகமும் பின்முகமும் கருங்கல் கட்டுமானம். நடு உடல் முழுக்கச் சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், சல்லி சேர்த்த கான்கிரீட். சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணை அரைத்த பொடி. சுண்ணாம்போடு சேரும்போது அது தண்ணீருக்கடியிலும் இறுகும். அந்த உடல்தான் மேற்கே ஓடவேண்டிய ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே தள்ளுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல், திராட்சைத் தோட்டம், அப்புறம் வைகை அணை, மதுரைக்குக் குடிநீர் என எல்லாவற்றுக்கும் தலை அங்கே இருக்கிறது. நாங்கள் ஒரு சுண்ணாம்புச் சுவரை நம்பிச் சாப்பிடுகிறவர்கள்.

1979இல் அந்தச் சுவர் மீது கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குஜராத்தில் மோர்வி அணை உடைந்து பேரழிவு நடந்திருந்தது. பெரியாறு அணைக்குக் கீழே வாழும் கேரள மக்களின் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு மேலே அத்தனை தண்ணீர் நின்றால் யாருக்கும் தூக்கம் வராது. நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். மத்திய நீர்வள ஆணையம் சொன்னபடி பலப்படுத்தும் வேலைகள் தொடங்கின. அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி வைத்தார்கள். மேலிருந்து அடிப்பாறை வரை துளையிட்டு, எஃகுக் கம்பிவடங்களை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். பின்புறம் ஒரு கான்கிரீட் தாங்கலைச் சேர்த்தார்கள். கசியும் நீரை அளக்க உள்ளே ஒரு நடைபாதையும் வந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வழக்கு. 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைத் தள்ளி, மறுபடியும் 142 அடி என்றது. 2011 டிசம்பரில் குமுளி எல்லையை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தபோது எங்கள் தெருவே காலியாக இருந்தது. கட்டுமானம் என்றால் என்னவென்று தெரியாத கிழவிகள்கூட அன்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: பழசுதான், ஆனா பலமா இருக்கு.

அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருந்த வாதம் இதுதான். ஒரு கட்டுமானத்தின் வயதும் அதன் ஆபத்தும் ஒன்றல்ல. சந்தேகம் வந்தால் அளந்து பார். பலவீனம் இருந்தால் பலப்படுத்து. பிறகு தினமும் கவனி. தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரும் இந்த வாதத்தை இத்தனை ஆண்டுகள் மனப்பாடமாகச் சொன்னதில்லை. ஆனால் அதை அணையைத் தவிர வேறு எதற்கும் நாங்கள் சொல்வதில்லை.

*

பென்னிகுயிக் பெயரிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2021இல் மதுரை நத்தம் சாலையில் பொதுப்பணித்துறைக் குடியிருப்பு வளாகத்தைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே இருந்த பழைய வீடு பென்னிகுயிக் குடியிருந்தது, அதை இடிக்கக் கூடாது என்று விவசாயிகளும் எதிர்க்கட்சியினரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அரசு ஆவணத்தை எடுத்துப் போட்டது: கட்டடம் எழுந்தது 1912-13இல், பென்னிகுயிக் இறந்தது 1911 மார்ச்சில். அத்தோடு விவாதம் முடிந்தது. 2023 ஜூலையில் நூலகம் திறக்கப்பட்டது. நானும் போயிருக்கிறேன். வாசிக்க நல்ல இடம், குழந்தைகள் பகுதி அருமை.

எனக்கு உறுத்தியது வேறு. கட்டடத்தின் வயதை நிரூபித்ததும் எல்லோரும் கலைந்துபோனார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய கட்டடம் என்பதை அரசின் ஆவணமே சொல்லிவிட்டது. ஆனால் அது யாருடைய வீடும் இல்லை என்று ஆனபோது, அதன் வயது யாருக்கும் பொருட்டாக இல்லை. ஒரு கட்டடம் பிழைக்க அதற்குள் ஒரு மகான் வாழ்ந்திருக்க வேண்டும். கல்லூரிக் கட்டடத்தில் வாழ்ந்தவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுக்காரர்கள். மூன்று வருடம் இருந்துவிட்டுப் போய்விடுவார்கள்.

*

என் சித்தி அப்படி மூன்று வருடம் இருந்தவர். எழுபதுகளில் சின்னமனூரிலிருந்து மெட்ராஸ் ராணி மேரிக் கல்லூரிக்குப் போன பெண். எங்கள் குடும்பத்தில் கடலை முதலில் பார்த்தவர் அவர்தான். இன்றும் கடற்காற்றைப் பற்றிப் பேசினால் வகுப்பறை ஜன்னலில் இருந்து பேச ஆரம்பிப்பார்.

ராணி மேரிக் கல்லூரி 1914 ஜூலையில் தொடங்கியது. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி அது. முதல் முதல்வர் டோரத்தி டி லா ஹே. கடற்கரைச் சாலையில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில்தான் வகுப்புகள் ஆரம்பித்தன. கர்னல் கேப்பர் என்ற கம்பெனி அதிகாரியின் வீடாக இருந்து, ஹோட்டலாகி, பிறகு கல்லூரியான கட்டடம். அடுத்த சில ஆண்டுகளில் பென்ட்லேண்ட் ஹவுஸ், ஸ்டோன் ஹவுஸ், ஜெய்ப்பூர் ஹவுஸ் என்று வளாகம் வளர்ந்தது. தாவரவியலாளர் ஜானகி அம்மாள் படித்தது இங்கே. பெண்ணைப் படிக்க வைக்கவே யோசித்த காலத்தில், வெளியூர்ப் பெண்கள் தங்கிப் படிக்க ஒரு இடம் இருக்கிறது என்று தகப்பன்மார்களுக்குக் காட்ட உதவியவை அந்தக் கட்டடங்கள். என் தாத்தா சித்தியைக் கொண்டுபோய் விட்டபோது சிலபஸ் கேட்கவில்லை. மதில் எவ்வளவு உயரம் என்றுதான் பார்த்தாராம்.

2003 ஏப்ரலில் அந்த வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக ஜெயலலிதா அரசு அறிவித்தது. கல்லூரி வேறிடம் போகும், கட்டடங்கள் போய்விடும் என்ற நிலை. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்தார்கள். பழைய மாணவிகள் திரண்டார்கள். ஆதரவாக உள்ளே போன ஸ்டாலின் கைதானார். வழக்குகள் நடந்தன. கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். சின்னமனூர் வீட்டில் சித்தி டிவி முன்னால் நின்றுகொண்டே செய்தி பார்த்தது நினைவிருக்கிறது. திட்டம் இல்லை என்றான அன்று சாயங்காலம் கேசரி கிண்டினார்.

பல வருடம் கழித்து, வேலை விஷயமாக நான் சென்னையில் இருந்தபோது சித்தி ஒருமுறை வந்தார். மெரினா பக்கம் காரில் போகும்போது கேட்டார்.

"தம்பி, கேப்பர் ஹவுஸ் இருக்கா?"

இருக்கும் என்றுதான் நினைத்தேன். கேட்டில் சொல்லி உள்ளே போனோம். பென்ட்லேண்ட் ஹவுஸ் இருந்தது. கேப்பர் ஹவுஸ் இல்லை. அது பராமரிப்பில்லாமல் சிதைந்து, இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் புதிய கட்டடம் வந்துவிட்டது. சித்தி கொஞ்ச நேரம் நின்றார். "காப்பாத்திட்டாங்கன்னு நெனச்சேன்டா" என்றார். அவ்வளவுதான். திரும்பும்போது சுண்டல் வாங்கிக்கொண்டோம்.

அரசாங்கம் ஒரே நாளில் இடிக்க வந்தபோது தடுக்க ஆள் இருந்தது. டிவி இருந்தது, கோர்ட் இருந்தது. அதே கட்டடத்தை மழை வருடக்கணக்கில் இடித்தபோது தடுக்க யாரும் இல்லை. கல்லூரி பிழைத்தது, நிலம் பிழைத்தது. அது சின்ன வெற்றி அல்ல. ஆனால் கல்லூரி பிறந்த வீடு போய்விட்டது. அதற்காக ஒருவரும் மறியல் செய்யவில்லை, ஏனென்றால் மறியல் செய்ய ஒரு தேதி இல்லை.

*

இப்படிச் சாகும் கட்டடம் எப்படிச் சாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் சாவு மேலிருந்து வருகிறது.

நம் பக்கத்துப் பழைய கல்லூரிக் கட்டடங்கள் பலவற்றின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' என்ற முறை. தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, மேலே சிறிய மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் கோத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பதுண்டு. கடைசியில் தட்டோடு. இந்தக் கூரைக்கு வேண்டியது இரண்டே விஷயம்: மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடவேண்டும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும்.

ஒரு ஐப்பசியில் மாடித் தூம்புவாயை இலை அடைக்கிறது. தண்ணீர் நிற்கிறது. காக்கை போட்ட விதையில் அரசங்கன்று முளைக்கிறது. அதைப் பிடுங்க ஆளில்லை. கீழே ஒழுகுகிறது. ஒழுகினால் நாம் என்ன செய்வோம்? மேலே சிமெண்ட் போடுவோம். அது ஈரத்தை வெளியே விடாது. கூரைக்கு அது கணக்கில் இல்லாத சுமை வேறு. உள்ளே மாட்டிய ஈரம் உத்திரத்தின் முனைக்குப் போகிறது. தேக்கு முதலில் உளுப்பது சுவருக்குள் நுழையும் அந்த முனையில்தான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். சுவரிலும் சிமெண்ட் பூச்சு பூசியாயிற்று என்றால் அங்கேயும் உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். பதினைந்து வருடத்தில் ஒரு மூலை இறங்கும். உடனே "ஆபத்தான கட்டடம், உள்ளே நுழையாதே" என்ற போர்டு. பூட்டிய கட்டடத்தில் தூம்பு கூட்ட யார் போவார்கள்? அடுத்த ஐந்து வருடத்தில் போர்டு சொன்னது உண்மையாகிவிடும்.

எங்கள் அண்ணன் சொன்ன 'நூறு வருசம்' இந்தக் கதையில் எங்கேயும் வரவில்லை. கொன்றது வயது அல்ல, கடைசி இருபது வருடத்துப் பழுதுபார்ப்பு. சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதைதான். முப்பது வருடமாகச் சம்பளப் பட்டியல் போடும் பழைய கோடை, யாரும் படித்துப் பார்க்காமல் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு, அது விழுந்ததும் பழைய கோட் மோசம் என்பார்கள்.

*

மறுபுறமும் நடந்திருக்கிறது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி 1862 முதல் 1920 வரை சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகாலில் இயங்கியது. ஆற்காடு நவாபின் மாளிகைக்குள் சிவில் இன்ஜினியர்கள் படித்தார்கள். கல்லூரி கிண்டிக்குப் போனபின் மகால் அரசு அலுவலகமானது. 2012 ஜனவரியில் பெரிய தீ. கூரை போய்விட்டது. இடித்துவிடலாம் என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஆனால் பொதுப்பணித்துறையே அதைச் சுண்ணாம்பைக் கொண்டு பழைய முறையில் மீட்டுக் கட்டியது. இன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளே இல்லை என்பவர்களுக்கு அந்தச் சுவர்கள் பதில்.

பென்னிகுயிக்குக்கும் ஒரு கல்லூரி உண்டு. அணை முடிந்து இங்கிலாந்து திரும்பியபின், 1896 முதல் 1899 வரை, இந்தியப் பொதுப்பணிக்கு இன்ஜினியர்களைத் தயாரித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்கு அவர் தலைவராக இருந்தார். 1906இல் கல்லூரியே மூடப்பட்டது. கட்டடம் கைமாறியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பிறகு ஒரு பல்கலைக்கழகத்தின் கிளை, இப்போது முதியோர் குடியிருப்பு. கல்லூரி போயும் கட்டடம் நிற்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் யாராவது உள்ளே இருந்தார்கள். கூரை ஒழுகினால் அவர்கள் தலையில் ஒழுகும்.

வளாகம் என்பது கட்டடம் மட்டும் இல்லை. எங்கள் புளியமரத்துக்காக இதைச் சொல்லவேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டில் சுமார் 375 ஏக்கர். சுவிட்சர்லாந்துக் கட்டடக்கலைஞர் ஹென்றி ஷெட்டி மரங்களுக்கு நடுவே கட்டடங்களைத் தள்ளித் தள்ளி வைத்தார். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் மனைவி ஆலிஸும் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் அது எப்போதும் இருந்த காடு என்று நினைக்கிறார்கள். புதரும் காடும் கொஞ்சம் இருந்தன; மீதி, தன் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத வேலையை ஒருவர் தினமும் செய்ததால் வந்தது. சுற்றிலும் தாம்பரம் கான்கிரீட்டாக மாறியபின் புள்ளிமான் மிஞ்சிய இடம் அந்த வளாகம். ஒரு மரத்தைக் கணக்கில் கொண்டு கட்டடம் எழுப்ப முடியும் என்பதற்கு வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

*

சட்டம் நமக்கு உதவுமா என்று தேடிப் பார்த்தேன். மத்தியத் தொல்லியல் சட்டத்துக்கு நூறு வயது வேண்டும். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறி, 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் பள்ளத்தாக்கின் முதல் கல்லூரி, உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி, 1956இல் தொடங்கியது. அதற்கு முன் இங்கே பள்ளிக்கூடம் முடித்தவன் மேலே படிக்க மதுரைக்கு பஸ் ஏறவேண்டும். அந்தக் காலத்தில் எழுந்த கல்லூரிக் கட்டடங்களுக்கு நூறு வயது ஆக இன்னும் முப்பது வருடம் இருக்கிறது. ஒரு வட்டாரம் முழுக்க முதல் தலைமுறையாகப் படித்த இடங்கள் அவை. எந்தப் பட்டியலிலும் அவை வராது. கூட்டித் துடைக்கிறவர்களை விட்டால் வேறு காவல் இல்லை.

நம் கல்லூரிகளுக்கு இடம் வேண்டும், லேப் வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். புதிய பிளாக்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் தலையில் கூரை விழக்கூடாது என்பதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அணைக்கு நாங்கள் கேட்டதையே இதற்கும் கேட்கிறேன்.

அன்று ராத்திரி குழுவில் நீளமாக எழுதினேன். கட்டடத்தை நிஜமாகவே யாராவது அளந்தார்களா? உத்திர முனைகளைத் துளைத்துப் பார்த்தார்களா? பழைய சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த ஒரு இன்ஜினியரிடம் ஆய்வு அறிக்கை வாங்க ஆகும் செலவை நான் தருகிறேன். மோசம் என்று அறிக்கை வந்தால் புதிய பிளாக்குக்கும் பணம் போடுகிறேன். புளியமரத்தை விட்டுப் பத்தடி தள்ளி பார்க்கிங் போட்டால் என்ன?

இரண்டு கட்டைவிரல், ஒரு சிரிப்பு எமோஜி. "சென்டிமென்ட்டுக்கு லேப் கட்ட முடியாது ப்ரோ" என்று ஒருவன். மறுநாள் காலை போடி அண்ணன் கூப்பிட்டார்.

"என்னடா, பென்னிகுயிக் சிலைக்கு முன்னாடி நின்னு சாமி வந்துருச்சா ஒனக்கு?"

"அண்ணே, 2011ல நீங்களும் குமுளிக்கு நடந்தீங்கள்ல?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது அணைடா" என்றார். பிறகு, "சரி, மேல ஏறிப் பாக்கச் சொல்றேன். ரெண்டு வருசமா யாரும் ஏறல" என்றார்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு போட்டோ அனுப்பினார். டிராயிங் ஹால் மாடி. தூம்புவாய்க்கு மேல் மக்கிய புளிய இலை, ஒரு ஷட்டில்காக், இடுப்புயர அரசங்கன்று. கீழே ஒரு வரி: "பிடுங்கியாச்சு. வேர் உள்ள போயிருக்கு. இன்ஜினியர் நம்பர் அனுப்பு."

அனுப்பியிருக்கிறேன். அறிக்கை இன்னும் வரவில்லை.